எஞ்சின் ஆயிலின் வயது

மருத்துவம் படிப்பவரிடம் உறவினர்கள் தலைவலிக்கு மாத்திரை கேட்பார்கள். சட்டம் படிப்பவரிடம் பங்காளித் தகராறுக்கு வழி கேட்பார்கள். உராய்வியல் துறையில் ஆய்வு செய்பவரிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை எஞ்சின் ஆயில் மாற்ற வேண்டும்?” திருமணப் பந்தியிலும், தமிழ்நாடு எக்ஸ்பிரஸின் மேல் படுக்கையிலும், தில்லியில் எங்கள் விடுதியின் தேநீர் வரிசையிலும் இக்கேள்வியை நான் எதிர்கொண்டிருக்கிறேன். கேட்பவர் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவராக இருந்துவிட்டால் குரலில் ஒரு நடுக்கமும் சேர்ந்துகொள்ளும். எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்யும் செலவில் புதிதாக ஒரு சிறிய காரையே வாங்கிவிடலாம் என்பது அவருக்குத் தெரியும்.

எல்லோரும் எதிர்பார்ப்பது ஓர் எண்ணை. 5,000 என்று சொன்னால் பழமைவாதி என்பார்கள். 15,000 என்றால் கம்பெனிக்காரன் பேச்சு என்பார்கள். 10,000 என்றால் தலையசைத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். கிலோமீட்டர் என்ற அளவுகோலே இங்கே பெரும்பாலும் பொருந்தாது என்று விளக்கத் தொடங்கினால் கேட்பவரின் கண்கள் வேறெங்கோ அலையும். இந்த ஆண்டு அப்படி அலையாத ஒருவரைச் சந்தித்தேன். அவரைப் பற்றிப் பின்னர் எழுதுகிறேன். அதற்குமுன் எண்ணெய் என்ன செய்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

எண்ணெய் வழுவழுப்பாக இருப்பதால் உராய்வைக் குறைக்கிறது என்றுதான் பள்ளியில் படித்தோம். அது பாதி உண்மை. 1883இல் டவர் என்ற ஆங்கிலப் பொறியாளர் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் ஊற்றுவதற்காகப் பேரிங்கின் மேற்புறத்தில் ஒரு துளையிட்டார். தண்டு சுழலத் தொடங்கியதும் எண்ணெய் உள்ளே போகாமல் துளை வழியாக மேலே வழிந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரத்துண்டை அறைந்தார், அதுவும் மெல்ல வெளியேறியது. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோதுதான், பேரிங் தாங்கும் சராசரிச் சுமையைக் காட்டிலும் அதிகமான அழுத்தம் அந்த மெல்லிய எண்ணெய்ப் படலத்துக்குள் இருப்பது தெரிந்தது. சுழலும் தண்டு எண்ணெயைத் தன்னோடு இழுத்து, குறுகிவரும் இடைவெளிக்குள் திணித்து, அவ்வழுத்தத்தின்மேல் தானே மிதக்கிறது. மூன்று ஆண்டுகள் கழித்து ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்கான சமன்பாட்டை எழுதினார். எங்கள் துறையில் இன்றும் அச்சமன்பாட்டைத் தீர்க்காமல் எவரும் முனைவர் பட்டம் வாங்குவதில்லை என்று சொன்னால் அது சிறிய மிகைதான். துறைக்கு ‘டிரைபாலஜி’ என்ற பெயர் பரவலானது வெகு பின்னால், பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு 1966இல் பிரிட்டிஷ் அரசுக்கு அளித்த அறிக்கையின் மூலம்.

ஓடும் எஞ்சினில் கிராங்க் தண்டும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடாமல் மிதக்கின்றன. இடையில் இருக்கும் படலம் மிக நெருங்கிய இடத்தில் ஒரு மைக்ரான் அளவுக்குக்கூட மெலியும். தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். அந்தப் படலத்தைத் தாங்கி நிறுத்துவது எண்ணெயின் பாகுநிலை. பாகுநிலை குறைந்தால் படலம் மெலியும். சுமை மிகுந்து சுற்று குறைந்த தருணங்களில் உலோகம் உலோகத்தைத் தொடும். அப்போது காப்பாற்றுவதற்காகத் துத்தநாகமும் பாஸ்பரஸும் கொண்ட ஒரு சேர்மானம் எண்ணெயில் கலக்கப்பட்டிருக்கிறது. உலோகத்தின்மேல் ஒரு மெல்லிய பூச்சாகப் படிந்து, தான் தேய்ந்து, உலோகத்தைக் காக்கும் பொருள் அது. ஆகவே அதுவும் தீர்ந்துபோகும்.

எண்ணெய்க்கு முதுமை வரும் வழிகள் பல. வெப்பம் முதன்மையானது. வெப்பநிலை ஒவ்வொரு 10 பாகை ஏறும்போதும் ஆக்சிஜனேற்றத்தின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது நாங்கள் கைக்கணக்காகப் பயன்படுத்தும் விதி. ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சின் ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு 100 குதிரைத்திறனைச் சாதாரணமாகத் தாண்டும். அதன் டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும். அந்த டர்போவின் தண்டைத் தாங்குவதும் இதே எண்ணெய்தான். அடுத்தது வெட்டு விசை. எண்ணெய்க் குப்பியில் 5டபிள்யூ-40 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். குளிரில் மெல்லியதாகவும் சூட்டில் போதிய தடிப்போடும் இருக்கும்படி அதில் நீண்ட பாலிமர் சங்கிலிகள் கலந்திருக்கும். பற்சக்கரங்களுக்கும் கேம் முனைகளுக்கும் இடையில் சிக்கிச் சிக்கி அச்சங்கிலிகள் அறுபடும்.

இந்த இரண்டும் காரை விரட்டி ஓட்டுவதால் வருபவை. பொதுவாக ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் அஞ்சுவதும் இவற்றைத்தான். கிரேட்டர் நொய்டாவின் புத் சர்வதேசப் பந்தயத் தடத்துக்குக் காரைக் கொண்டுபோய் ஒரு நாள் முழுக்கச் சுற்றிவருபவர்களுக்கு அந்த அச்சம் நியாயமானது. அங்கே எண்ணெயின் வெப்பநிலை 130 பாகையைத் தொடுவது அரிதன்று. அப்படி ஒன்றிரண்டு நாட்கள் ஓட்டியபின் மாற்றிவிடுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஓடோமீட்டரில் கூடியது 300 கிலோமீட்டராகவே இருந்தாலும் சரி. ஆனால் தில்லியில் இருக்கும் ஸ்போர்ட்ஸ் கார்களில் எத்தனை அந்தத் தடத்தைப் பார்த்திருக்கும்? பெரும்பாலானவை அடித்தள நிறுத்தத்தில் உறை போர்த்திக் கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை இந்தியா கேட் வரை போய்வருகின்றன. அவற்றின் எண்ணெய் கெடுவது வேறு வழியில்; என் ஆய்வும் அந்த வழியைப் பற்றியதுதான். பெட்ரோல் கலந்த உயவெண்ணெயில் உலோகப் பரப்புகள் எவ்வாறு தேய்கின்றன என்பது என் தலைப்பு. இவ்வளவு குறுகிய தலைப்பில் நான்கு ஆண்டுகளா என்று அம்மா கேட்கிறார்.

இப்போது அவரைப் பற்றிச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர். முகலாயர் கால வருவாய் ஆவணங்களில் வாழ்நாள் முழுவதும் மூழ்கியவர். துவாரகாவில் மனைவியோடு வசிக்கிறார். ஓய்வூதியப் பணத்தின் ஒரு பகுதியில் பழைய ஜெர்மானிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார்: இரண்டே இருக்கைகள், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ, பொத்தானை அழுத்தினால் கூரை பின்னால் மடிந்துகொள்ளும். இந்த வயதில் இது தேவையா என்று பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். அவர் பதில் சொல்லவில்லை. என் நெறியாளரின் நண்பர் என்ற முறையில் ஒருநாள் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார். எல்லோரும் கேட்கும் அதே கேள்வியைத்தான் கேட்டார். ஆனால் கூடவே இன்னொன்றும் கேட்டார்.

“15,000 என்று இந்தக் கையேட்டில் போட்டிருக்கிறது. சர்வீஸ் நிலையத்தில் கேட்டால், இன்னும் பத்து மாதம் இருக்கிறது என்று வண்டியின் கணினி சொல்கிறது, அதுவரை தொடாதீர்கள் என்கிறார்கள். இந்த எண்ணை யார் முடிவு செய்தார்கள்? எந்தச் சான்றை வைத்து?”

நான் மகிழ்ந்துபோனேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஓர் எண்ணைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு போகாமல், அது எங்கிருந்து வந்தது என்று கேட்பவரைப் பார்ப்பது எங்கள் வளாகத்திலேயே அருகிவருகிறது.

அந்த எண்கள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. நிறுவனங்கள் எஞ்சின்களைச் சோதனை மேடையிலும் சாலையிலும் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட்டி, எண்ணெயை அவ்வப்போது எடுத்துச் சோதித்து, பாதுகாப்புக்கு ஒரு பங்கை விட்டுவிட்டுத்தான் இடைவெளியை நிர்ணயிக்கின்றன. ஆனால் பராமரிப்புச் செலவு குறைவு என்று விளம்பரப்படுத்தும் ஆசையும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. தவிர, எந்தக் கையேட்டிலும் அந்த எண்ணுக்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு பத்தி இருக்கும். கடுமையான பயன்பாட்டில் இடைவெளியைக் குறைத்துக்கொள்ளவும் என்று அது சொல்லும். கடுமையான பயன்பாடு எது? குறுகிய பயணங்கள், நின்று நின்று நகரும் போக்குவரத்து, புழுதி, மிகுந்த வெப்பம். தில்லியில் வசிக்கும் ஒருவர் இந்தப் பட்டியலைப் படித்துவிட்டுச் சிரிக்காமல் இருக்க முடியாது. இங்கே இயல்பான பயன்பாடு என்று எதைச் சொல்வது?

இன்னொரு சொற்றொடரும் உண்டு: இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முன்னதோ அது. ஃபெராரி தன் கார்களுக்கு 20,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்று வைத்திருக்கிறது. ஃபெராரி வைத்திருப்பவர்களில் ஓராண்டில் 20,000 கிலோமீட்டர் ஓட்டுபவர் மிகச் சிலரே இருப்பார்கள். ஆகவே அந்த வாக்கியத்தில் வேலை செய்யும் சொல் ‘ஓராண்டு’ மட்டும்தான். கிலோமீட்டர் ஓர் அலங்காரம்.

வண்டியின் கணினி எண்ணெயைச் சோதித்துப் பார்த்துத்தான் சொல்கிறது என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலான கார்களில் அப்படியில்லை. எரிந்த எரிபொருள், எஞ்சின் சுற்றுகள், வெப்பநிலை, கழிந்த காலம் ஆகியவற்றைக் கொண்டு அது ஒரு கணக்குப் போடுகிறது. எண்ணெயை அது முகர்ந்து பார்ப்பதில்லை. இதைச் சொன்னபோது பேராசிரியர் புன்னகைத்தார். முகலாய ஆவணங்களில் ‘ஜமா’ என்றும் ‘ஹாசில்’ என்றும் இரண்டு கணக்குகள் வரும் என்றார். ஜமா என்பது இந்த நிலத்திலிருந்து இவ்வளவு வர வேண்டும் என்று மதிப்பிடப்பட்ட தொகை. ஹாசில் என்பது உண்மையில் வசூலானது. தன் மாணவர்கள் பலர் ஜமாவைப் பார்த்துவிட்டு அந்த ஆண்டின் விளைச்சலைப் பற்றி எழுதிவிடுவார்கள் என்று வருந்தினார். “அப்படியானால் இந்தக் கணினி காட்டுவது ஜமா. உங்களிடம் ஹாசில் பார்க்கும் கருவி இருக்கிறதா?”

இருக்கிறது. ஆனால் அதற்கு முன்பே அவரிடம் ஒன்று இருந்தது. பையிலிருந்து ஒரு நீளமான கணக்கு நோட்டை எடுத்தார். கார் வாங்கி ஆயில் மாற்றிய நாளிலிருந்து ஒவ்வொரு பயணத்தையும் அதில் எழுதியிருந்தார். தேதி, புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், ஓடோமீட்டர், கடைசியாகக் குறிப்பு என்று ஒரு பத்தி. ஆவணக் காப்பகத்தில் வாழ்ந்தவரின் கை. பதினான்கு மாதங்களில் 486 பயணங்கள்; மொத்தம் 1,870 கிலோமீட்டர். ஒரு பயணத்துக்குச் சராசரி நான்கு கிலோமீட்டர்கூட இல்லை. அநேகமாக எல்லாம் மாலை ஆறு மணிக்குத் தொடங்கி, பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் முடிந்துவிடுபவை.

குறிப்புப் பத்தியை நான் படித்திருக்கக் கூடாதோ என்னவோ. ‘மழை, கூரை மூடியிருந்தது.’ ‘காற்று மோசம், பாதியில் திரும்பினோம்.’ ‘இன்று பாடினாள்.’ ‘என்னை யாரென்று கேட்டாள்.’ ‘பாடினாள்.’

அவருடைய மனைவிக்கு நினைவு தப்பிக்கொண்டிருக்கிறது. மாலை வந்தால் வீட்டுக்குள் நிலைகொள்ளாமல் தவிக்கிறார். திறந்த காரில் உட்காரவைத்துத் துவாரகாவின் மரங்கள் அடர்ந்த செக்டர் சாலைகளில் ஒரு சுற்று வந்தால் அமைதியாகிவிடுகிறார். இளம்வயதில் இருவரும் ஸ்கூட்டரில் போன நினைவோ என்னவோ, முகத்தில் காற்றுப் பட்டால் போதும் என்றார் பேராசிரியர். அதற்காக வாங்கப்பட்ட கார் அது.

நான் நோட்டிலிருந்து தலையை எடுக்காமல், எஞ்சினுக்குள் என்ன நடந்திருக்கும் என்று அவருக்கு விளக்கத் தொடங்கினேன். அது எனக்கும் வசதியாக இருந்தது.

குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது பெட்ரோல் முழுதாக ஆவியாகாது. நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சின்களில் அது குளிர்ந்த சுவரில் பட்டு, பிஸ்டன் வளையங்களைக் கடந்து, கீழே எண்ணெய்த் தொட்டிக்குள் வடிகிறது. எத்தனால் 20 விழுக்காடு கலந்த இன்றைய பெட்ரோலில் இந்தச் சிக்கல் சற்று வேறுபடுகிறது: எத்தனால் ஆவியாவதற்குப் பெட்ரோலைவிட மிகுந்த வெப்பம் வேண்டும், அது நீரையும் ஈர்க்கும். நீர் எங்கிருந்து வருகிறது? எரிதலிலிருந்தேதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. இதைக் கேட்டு வேதியியல் மாணவர்கள் தவிர மற்ற எல்லோரும் வியப்பார்கள். அதில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாகப் போய்விடுகிறது. ஒரு சிறு பகுதி எண்ணெயோடு சேர்கிறது. தில்லியின் ஜனவரிக் காலையில், எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகித் திறந்தால் அதன் உட்புறத்தில் வெண்ணெய் போல் ஒன்று ஒட்டியிருப்பதைச் சிலர் பார்த்திருக்கலாம். எண்ணெயும் நீரும் கடைந்தெடுத்த வெண்ணெய் அது.

இவை இரண்டும் நோய் என்றால் மருந்து எளிது: வெப்பம். எண்ணெய் 90, 100 பாகைக்கு ஏறிச் சற்று நேரம் அங்கேயே நின்றால் பெட்ரோலின் பெரும்பகுதியும் நீரும் ஆவியாகி வெளியேறிவிடும். ஆனால் முகப்பில் இருக்கும் வெப்பமானி குளிர்விப்பு நீரின் சூட்டைக் காட்டுவது. அது ஐந்தாறு நிமிடத்தில் நடுவுக்கு வந்துவிடும். எண்ணெய் சூடேற அதைவிட வெகு நேரமாகும், கால் மணிக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்போர்ட்ஸ் காரில் இன்னும் தாமதம். சிறிய காரில் மூன்று, மூன்றரை லிட்டர் எண்ணெய் என்றால் பேராசிரியரின் காரில் ஆறரை லிட்டர். விரட்டி ஓட்டுவதற்காகக் கூடுதலாக வைத்த எண்ணெய் மெல்ல ஓட்டுபவருக்குப் பாதகமாகிறது. பன்னிரண்டு நிமிடத்தில் வீடு திரும்பும் கார் ஒவ்வொரு மாலையும் கொஞ்சம் பெட்ரோலையும் கொஞ்சம் நீரையும் எண்ணெயில் சேர்க்கிறது; எதையும் வெளியேற்றுவதில்லை. 486 முறை.

மாதிரி எடுப்பதற்காகக் கரோல் பாக்கில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காரைக் கொண்டுபோனோம். எல்லோரும் உஸ்தாத் என்று அழைக்கும் பெரியவர். நான் இன்னும் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கவில்லை என்று பலமுறை சொல்லியும் என்னை ‘டாக்டர் சாப்’ என்றே அழைப்பவர். அவர் எண்ணெய் மூடியைத் திறந்தார், மூக்கருகே கொண்டுபோனார், என்னிடம் நீட்டினார். பெட்ரோல் நெடி. “நிற்கிற வண்டிதான் சீக்கிரம் கிழமாகும், டாக்டர் சாப்” என்று இந்தியில் சொல்லிவிட்டு டிரெயின் போல்ட்டைக் கழற்றக் குனிந்தார். கையுறை இல்லை. அதைப் பற்றிப் பின்னர்.

ஆய்வக முடிவு அவருடைய மூக்கைத்தான் உறுதிப்படுத்தியது. எரிபொருள் கலப்பு ஆறு விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. ஆய்வகங்கள் 2 முதல் 5 விழுக்காட்டுக்குள் எங்கேனும் ஓர் எச்சரிக்கைக் கோடு போடுவது வழக்கம். 40 தர எண்ணெயின் பாகுநிலை 100 பாகையில் 12.5 சென்டிஸ்டோக்குக்குக் கீழே போகக் கூடாது. இது 11ஐ ஒட்டி நின்றது. அதாவது அவர் ஊற்றியது 40, காருக்குள் இருந்தது 30. அமிலத்தை முறிக்கும் காரச் சேர்மானம் புதிய எண்ணெயில் இருந்ததில் பாதிக்கும் கீழே. நல்ல செய்தி ஒன்று உண்டு: பேரிங் உலோகங்களின் தடயம் கவலைப்படும் அளவில் இல்லை. மெதுவாக ஓட்டும் மனிதர் என்பதால் மெலிந்த படலம் தாங்கியிருக்கிறது. அந்த எண்ணெயோடு யாராவது யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் ஆக்ரா வரை விரட்டியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில், விமான நிலையத்துக்கு என்னை அழைத்துப்போகும் டாக்சி ஓட்டுநரிடமும் ஒரு மாதிரி கேட்டு வாங்கினேன். சிஎன்ஜியில் ஓடும் சாதாரணக் கார். நாளொன்றுக்கு 250 கிலோமீட்டர். நாற்பது நாளில் 10,000. காலையில் ஒருமுறை சூடேறினால் நள்ளிரவு வரை எஞ்சின் குளிர்வதில்லை. எரிவாயு என்பதால் எண்ணெயில் திரவ எரிபொருள் கலக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. 10,000 கிலோமீட்டர் ஓடிய அந்த எண்ணெய் தன் தர எல்லைக்குள் நிமிர்ந்து நின்றது. பேராசிரியரின் காரைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் ஓடியது, வயதில் இளையது. இரண்டு மாதிரிகளை வைத்து ஆய்வுக் கட்டுரை எழுத முடியாது என்பது எனக்குத் தெரியும், இது முகநூல்.

இங்கே இன்னொரு தரப்பையும் பேசியாக வேண்டும். காரின்மேல் உள்ள அன்பினால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று மாற்றித் தள்ளுபவர்கள். நெடுஞ்சாலையில் சீராக ஓடும் கார் என்றால் இது வெறும் சடங்கு. தன் பணம், தன் கார் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் கழற்றிய எட்டு லிட்டர் எங்கே போகிறது? ஓடிய எஞ்சினின் எண்ணெயில் எரிதலின்போது உண்டாகும் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் சேர்கின்றன. தோல் வழியாக நெடுங்காலம் படும்போது புற்றுநோயை உண்டாக்கவல்லவை அவற்றில் உண்டு. உஸ்தாத்தின் விரல் இடுக்குகளில் உள்ள கறுப்பு சோப்புக்குப் போகாது. நான் வாங்கிக்கொடுத்த கையுறைப் பெட்டி அவருடைய மேசைக்கடியில் பிரிக்கப்படாமல் இருக்கிறது; போல்ட்டின் மரை கைக்குத் தெரியாது என்கிறார். கழிவு ஆயில் பீப்பாயில் சேர்ந்து யாரோ ஒருவருக்கு விற்கப்படுகிறது. அதில் ஒரு பகுதி சூளைகளில் எரிகிறது. ஒரு பகுதி நம் ஊரில் சென்ட்ரிங் பலகைக்குப் பூசுவதுபோல் இங்கும் கட்டுமானத்துக்குப் போகிறது.

இத்தனைக்கும், அடிப்படை எண்ணெயின் மூலக்கூறுகளில் பெரும்பாலானவை அப்படியே நல்ல நிலையில் இருப்பவை. அழுக்கையும் செத்த சேர்மானங்களையும் நீக்கி, வெற்றிடத்தில் வாலைவடித்து, ஹைட்ரஜன் கொண்டு சுத்திகரித்தால் மீண்டும் எண்ணெயாக்கலாம். எண்ணெய் தயாரிப்பாளர்களே பயன்படுத்திய எண்ணெயின் மறுசுழற்சிக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. கரோல் பாக்கின் சந்துகளுக்குள் அது வந்து சேர்வதை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆகவே தேவையில்லாமல் மாற்றுவதையும் நான் கவனம் என்று ஏற்பதில்லை.

எனவே கேட்பவர்களுக்கு இப்போதெல்லாம் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்கிறேன்: ஒருமுறை கிளப்பினால் எத்தனை நிமிடம் ஓட்டுகிறீர்கள்? அரை மணிக்குமேல் என்றால் கையேட்டில் இருப்பதைப் பின்பற்றுங்கள், ஆண்டுக்கு ஒருமுறை என்பதை மட்டும் தாண்டாதீர்கள். பத்து நிமிடம் என்றால் ஆறு மாதம். ஓடோமீட்டரைப் பார்க்கவே வேண்டாம். மாதக்கணக்கில் நிறுத்திவைக்கப் போகிறீர்கள் என்றால் நிறுத்துவதற்கு முன்னால் மாற்றுங்கள். அமிலமும் நீரும் சேர்ந்த எண்ணெயில் பேரிங்குகளை ஊறவைக்காதீர்கள். வாரம் ஒருமுறை அடித்தளத்துக்குப் போய் ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணைப்பவர்கள் அன்பினால்தான் செய்கிறார்கள். அதைச் செய்யாமல் இருப்பதே நல்லது. நம் நாடு வெப்பமானது என்று சொல்லிக் கையேட்டில் இல்லாத தடித்த எண்ணெயை ஊற்றச் சொல்பவர்களையும் நம்பாதீர்கள். எஞ்சின் உள்ளே எப்படியும் நூறு பாகை, வெளியே நாற்பத்தைந்தா பதினைந்தா என்பது அதற்குப் பெரிய செய்தியன்று. எண்ணெயின் பெயர் எதுவாயினும், கார் நிறுவனத்தின் ஒப்புதல் எண் குப்பியின் பின்புறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பேராசிரியரிடம் முதலில் நான் சொன்னது, சுற்றை நீட்டுங்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் நாற்பது நிமிடம் ஓட்டுங்கள் என்பதுதான். அவர் முயன்றும் பார்த்தார். நெடுஞ்சாலையில் ஏறிய கால் மணியில், நாம் எங்கே போகிறோம், வீட்டுக்குப் போகலாம் என்று அம்மையார் அழத் தொடங்கிவிட்டாராம். நோட்டில் அன்றைய குறிப்பு ஒரே சொல்: ‘கூடாது.’ அவருக்கு எது மருந்தோ அதற்கு எஞ்சின்தான் ஒத்துப்போக வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆறரை லிட்டரும் ஒரு வடிகட்டியும் என்று முடிவு செய்தோம். கழற்றியது உஸ்தாத்தின் பீப்பாய்க்குப் போகாமல், பதிவுபெற்ற மறுசுத்திகரிப்பாளர் ஒருவரிடம் எங்கள் ஆய்வகக் கழிவோடு சேர்ந்து போகிறது.

சர்வீஸ் நிலையத்துக்கு அவர் ஒரு கடிதமும் எழுதியிருக்கிறார், பயணக் கணக்கின் நகலை இணைத்து. பதில் வந்ததாகத் தெரியவில்லை. நோட்டில் இப்போது நிமிடங்களுக்குத் தனியாக ஒரு பத்தி போட்டிருக்கிறார். அடுத்த மாதிரி பிப்ரவரியில். தில்லியின் முழுக் குளிர்காலத்தையும் பன்னிரண்டு நிமிடப் பயணங்களாகக் கடந்த எண்ணெய் என் துறையில் எவருக்கும் எளிதில் கிடைக்காதது. ஆய்வேட்டின் ஐந்தாம் அத்தியாயத்தில் சேர்க்க நெறியாளர் அனுமதித்திருக்கிறார். எரிபொருள் எத்தனை விழுக்காடு என்பதை அப்போது எழுதுகிறேன். உங்கள் கார்களிலிருந்து மாதிரி அனுப்ப விரும்புவோர், எஞ்சின் சூடாக இருக்கும்போது, வடியும் எண்ணெயின் நடுப்பகுதியிலிருந்து, 100 மில்லிலிட்டர், உலர்ந்த சுத்தமான குப்பியில் பிடித்து மூடுங்கள். எத்தனை கிலோமீட்டர் என்பதோடு எத்தனை மாதம், ஒரு பயணம் எத்தனை நிமிடம் என்பதையும் குப்பியின்மேல் எழுதுங்கள். தண்ணீர்ப் பாட்டிலில் வேண்டாம்.